அருவி தந்த அம்மோனியா

தூத்துக்குடி உர ஆலையில் அம்மோனியா பிரிவில் வேலை பார்த்தவன் நான். ரீஃபார்மர் உலையின் சுவரில் சின்னதாக ஒரு துவாரம் இருக்கும். நீலக் கண்ணாடியைக் கண்ணுக்குப் பிடித்துக்கொண்டு அதன் வழியே பார்த்தால், வரிசை வரிசையாகக் குழாய்கள் செக்கச்செவேலென்று தொங்கும். ஒரு குழாயில் ஓர் இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தால் உள்ளே வினையூக்கி கெட்டுவருகிறது, அந்தக் குழாயைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும் என்று பொருள். நாப்தாவையும் நீராவியையும் அந்தச் சூட்டில் சேர்த்துத்தான் ஹைட்ரஜன் எடுத்தோம். கூடவே கரியமில வாயுவும் வரும். அதில் ஒரு பகுதி யூரியாவுக்குள் போய்க் கடைசியில் வயலில் வெளியேறும். மீதி ஆலையிலிருந்தே காற்றில் கலக்கும்.

இப்போது பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து அம்மோனியா செய்யலாம் என்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றைப் போல அதைப் பேசுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. தூத்துக்குடி ஆலை எழும்புவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே நார்வேயில் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் இதைப் பெரிய அளவில் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஊர் ர்யூக்கான். 1903-ல் இயற்பியல் பேராசிரியர் கிறிஸ்டியன் பிர்கலேண்டும் பொறியாளர் சாம் ஐடேவும் சேர்ந்தார்கள். உலகம் அப்போது நைட்ரஜன் உரத்துக்குச் சிலி நாட்டுப் பாலைவனத்து உப்பை நம்பியிருந்தது. இவர்கள் காற்றிலிருந்தே எடுக்கப் பார்த்தார்கள். இரண்டு செம்புக் குழாய்களுக்கு இடையே மின்பொறியை எழுப்பி, காந்தப் புலத்தால் அதை வட்டத் தட்டாக விரித்து, அதன் ஊடே காற்றைச் செலுத்தினார்கள். 3,000 டிகிரிக்கு மேற்பட்ட அந்தச் சூட்டில் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடின. அதைக் கருங்கல் கோபுரங்களில் நீரில் கரைத்து நைட்ரிக் அமிலமாக்கி, சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்தால் உரம். 1905-ல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது. 1911-ல் ர்யூக்கான் அருவியின் நீரைத் திருப்பி வேமோர்க் மின்நிலையத்தை ஓட்டினார்கள். 108 மெகாவாட், அன்றைக்கு உலகிலேயே பெரியது. மலைச்சரிவில் அருகருகே இறங்கும் பதினொரு இரும்புக் குழாய்களை இன்றும் பார்க்கலாம்.

மின்பொறி முறை மின்சாரத்தை அளவில்லாமல் தின்றது. நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து அம்மோனியா செய்யும் ஜெர்மானியரின் ஹேபர்-போஷ் முறை அதைத் தோற்கடித்தது. 1927-ல் ஐ.ஜி. ஃபார்பனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நார்வேக்காரர்களும் அதற்கு மாறினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜெர்மனியில் ஹைட்ரஜன் நிலக்கரியிலிருந்து வந்தது. இவர்கள் செய்முறையை மட்டும் எடுத்துக்கொண்டு நிலக்கரியை விட்டுவிட்டார்கள். 1929 முதல் வேமோர்க்கில் தண்ணீரை மின்பகுத்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இங்கே கனநீர் எடுத்ததும் அதைத் தடுக்க 1943-ல் நடந்த நாசவேலையும் இந்த ஆலையின் உபகதை; சினிமாவாகவே வந்துவிட்டதால் எல்லோருக்கும் அதுதான் தெரிகிறது.

பிறகு ஏன் கைவிட்டார்கள்? இயந்திரம் பழுதாகவில்லை, அருவியும் வற்றவில்லை. பெட்ரோலியம் மலிந்தது. ஹெரோயாவில் நோர்ஸ்க் ஹைட்ரோவுக்கு இருந்த பெரிய உர ஆலை 1960களின் நடுவில் பெட்ரோலியப் பொருளிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கத் தொடங்கியது. 1969-ல் வடகடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கிடைத்தபின் நாட்டின் போக்கே மாறிவிட்டது. 1971-ல் வேமோர்க்கின் பழைய மின்நிலையம் நின்றது. 1977-ல் ஹைட்ரஜன் கட்டடத்தை இடித்தார்கள். வடக்கே கிளோம்ஃபியோர்டில் மட்டும் மின்பகுப்பு 1990களின் தொடக்கம் வரை தாக்குப்பிடித்தது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1961-ல் பஞ்சாபின் நங்கலில் பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் செய்தோம். அடுத்த ஆண்டே அங்கே இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் வந்தது. அணை மின்சாரத்துக்குக் கிணற்று மோட்டார்களும் ஊர்களும் போட்டிக்கு வந்தன. 1978-ல் விரிவாக்கிய நங்கல் ஆலை உலை எண்ணெயில் ஓடியது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்ததை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கைவந்த ஒரு தொழில் போனதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு டன் அம்மோனியாவுக்கு ஏறக்குறைய 10 மெகாவாட்-மணி மின்சாரம் வேண்டும். எரிவாயுவிலிருந்து செய்தால் ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு. இந்த இரண்டு கணக்கில் எது மலிவோ அதன் பக்கம் ஆலை சாயும். நார்வே எண்ணெய், எரிவாயு விற்றுப் பணக்கார நாடானதால் அங்கே எரிவாயுவின் பக்கம் சாய்வது இன்னும் கடுமை.

2024-ல் ஹெரோயாவில் யாரா நிறுவனம் மீண்டும் மின்பகுப்பைத் தொடங்கியது. 24 மெகாவாட், ஆண்டுக்கு 20,500 டன் அம்மோனியா. பழைய வேமோர்க்கின் திறனில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு பக்கம், கடலிலுள்ள எண்ணெய் மேடைகளுக்குக் கரையிலிருந்து கேபிள் போட்டு மின்சாரம் அனுப்புகிறார்கள். ஹம்மர்ஃபெஸ்ட்டை அடுத்த மெல்கோயா தீவின் எரிவாயு ஆலைக்கும் கரை மின்சாரம் தர 2023-ல் அரசு ஒப்புக்கொண்டது. எரிவாயுவைக் குளிர்வித்துக் கப்பலேற்றும்போது எழும் புகை அதனால் குறையும். வாங்கியவர் அதை எரிக்கும்போது வரும் புகை அப்படியே இருக்கும். அந்த ஆலைக்கு வேண்டியது 350 மெகாவாட் வரை என்கிறார்கள். அதே மின்சாரத்தை மின்பகுப்புக்குக் கொடுத்தால் மணிக்கு 35 டன் அம்மோனியா எடுக்கலாம்.