வெட்டினால் சிவக்கும் கிளைகள்



வகுப்பறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் டிசம்பர் மாதப் படத்தைக் காட்டி, "ஐயா, இந்தக் குச்சிகளுக்கு யார் சாயம் பூசினார்கள்?" என்று ஒரு மாணவி வினவினாள். இங்கிலாந்துத் தோட்டம் ஒன்றில், வெண்பனியின் நடுவே, ஓர் இலையும் இன்றிச் செக்கச்செவேலென நின்ற புதர் அது. அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடிப் படித்தபோது, அவ்வினாவின் பின்னால் ஆறாயிரம் ஆண்டு வரலாறே இருப்பதை அறிந்தேன்.

அப்புதர் டாக்வுட் இனத்தைச் சேர்ந்தது. சைபீரியா, வட சீனா, கொரியா ஆகிய குளிர் நிலங்களே அதன் தாயகம். அந்தச் சிவப்பு சாயமன்று. இளங்கிளையின் பட்டையிலேயே ஊறும் இயற்கை நிறமி. இலையுதிர் காலத்து வெயில் படப்பட அது மிகுகிறது. ஆனால், ஓராண்டுக் கிளையில் மட்டுமே அந்த ஒளி முழுமையாக இருக்கும். ஆண்டுகள் ஏற ஏறப் பட்டை தடித்து மங்கிவிடும். ஆகவே தோட்டக்காரர்கள் குளிர்காலம் முடியும் தறுவாயில், மொட்டு விரியுமுன், கிளைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திற்கும் குறைவாக விட்டு வெட்டிவிடுகின்றனர். அடிக்கட்டையில் உறங்கிய முளைகள் விழித்து, வேரில் சேர்ந்திருக்கும் உணவைக்கொண்டு கோடைக்குள் ஆளுயரம் வளர்கின்றன. அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் சிவப்பு!

தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம்மவர் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள். மரமாக உயரக்கூடிய தேயிலையைக் கவ்வாத்து வெட்டித்தானே இளந்தளிர் ஈனும் செடியாக வைத்திருந்தனர்!

ஐரோப்பாவில் இக்கலை அழகுக்காகத் தோன்றியதன்று; அடுப்புக்காகவும் வேலிக்காகவும் தோன்றியது. 1970-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சாமர்செட் சதுப்பு நிலத்தில், ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய மரப்பாதை ஒன்று கண்டறியப்பட்டது. கண்டெடுத்தவரின் பெயரால் அது 'ஸ்வீட் டிராக்' என வழங்கப்படுகிறது. அதன் மரங்கள் கி.மு. 3807–3806-இல் வெட்டப்பட்டவை என்பதை ஆண்டு வளையங்களைக் கொண்டு கணித்துள்ளனர். அப்பாதையில் கிடைத்த நேரான நீண்ட கழிகள், அடிக்கட்டையை விட்டு வெட்டித் துளிர்க்கவைக்கும் முறையை அம்மக்கள் அக்காலத்திலேயே அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகக் கருதப்படுகின்றன.

அந்த வழக்கம் தொடர்ந்தது. சஃபோக் பகுதியிலுள்ள பிராட்ஃபீல்டு காடு 1252 முதலே இவ்வாறு முறைவைத்து வெட்டப்பட்டு வந்ததற்குப் பதிவு உண்டு. விறகு, வேலிப்படல், கருவிக் காம்பு, கரி எல்லாம் இத்தகைய காடுகள் தந்தவை. என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி வேறொன்று. வெட்டாமல் விட்டால் சுமார் 200 ஆண்டுகளில் பட்டுப்போகும் ஆஷ் மரம், முறையாக வெட்டப்பட்டதால் அக்காட்டில் ஆயிரம் ஆண்டுகளாக அடிக்கட்டையாய் உயிர்வாழ்கிறது என்று கணித்துள்ளனர். வெட்டு, அம்மரத்தின் ஆயுளைக் குறைக்கவில்லை, கூட்டியது!

பின்னர், இரயில் பாதைகள் நிலக்கரியை ஊர்தோறும் கொண்டு சேர்த்தன. விறகின் தேவை குறைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல காடுகள் கைவிடப்பட்டன. 1960-களில் பிராட்ஃபீல்டு காட்டின் ஒரு பகுதி விளைநிலத்திற்காக வேரோடு அகழப்பட்டது. ஊர் மக்களும் இயற்கை ஆர்வலர்களும் குரல் எழுப்பியதால் எஞ்சிய பகுதி காப்பாற்றப்பட்டது. ஏழு நூற்றாண்டு அரிவாளுக்கு அழியாத காடு, வேரில் கைவைத்ததும் அழிந்தது என்பதை நாம் கருதிப் பார்க்கவேண்டும்.

காட்டில் தேய்ந்த அந்தக் கலை தோட்டத்தில் தழைத்தது. விறகுக்காக வெட்டிய கை, நிறத்திற்காக வெட்டக் கற்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தின் குளிர்காலப் பகுதியில், சிவப்பும் மஞ்சளுமாய் ஒளிரும் டாக்வுட், வில்லோ கிளைகளைக் காணவே மக்கள் கடுங்குளிரில் வருகின்றனர்.

இக்கலையில் தோட்டக்காரர்கள் தவறாது காக்கும் விதி ஒன்றுண்டு. நட்ட முதல் ஆண்டில் செடியை அடியோடு வெட்டலாகாது. வேர் ஊன்றுவதற்கு இரண்டொரு கோடை பொறுக்கவேண்டும். வலுக்குன்றிய செடியை ஆண்டுதோறும் முழுவதும் வெட்டுவதில்லை. மூன்றில் ஒரு பங்குக் கிளைகளை மட்டும் நீக்குவர்.

பிழை திருத்தச் சிவப்பு மையைக் கையிலெடுக்கும் போதெல்லாம் இப்போது இவ்விதி என் நினைவுக்கு வருகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளையின் முதல் வாக்கியத்தில் எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் வெட்டிவிட நான் முன்பு முயன்றதுண்டு. அப்பிள்ளைகளுள் சிலர் அதன்பின் எழுதவே தயங்கினர். திருத்தம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. வெட்டாத கிளை நிறம் மங்கும் என்பதும் உண்மையே. ஆயினும், முதலில் வேர் ஊன்றட்டும்.

அம்மாணவிக்கு மறுவாரம் விடை கூறினேன்: "யாரும் சாயம் பூசவில்லை, அம்மா. வெட்டியவர், வேரைத் தொடவில்லை. அவ்வளவுதான்."