வரிசைக் கடைசியில் நிற்பவர்கள்

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் வளர்ந்த காண்ட்ரா நடனத்தின் வேர், 1651-ல் ஜான் பிளேஃபோர்டு இங்கிலாந்தில் அச்சிட்ட நாட்டுப்புற ஆட்டங்களில் இருக்கிறது.

ஜோடிகள் இரண்டு நீள வரிசைகளாக நிற்பார்கள். 64 தாள அடிகள் கொண்ட ஒரு சுற்று முடிந்ததும், ஒவ்வொரு ஜோடியும் நகர்ந்து அடுத்த ஜோடியோடு ஆடும். முனைக்கு வந்த ஜோடிக்கு எதிரே ஆளே இருக்காது! ஒரு சுற்று காத்திருந்து, இருவரும் தங்களுக்குள் இடம் மாறி, வந்த வழியே திரும்ப வேண்டும். மாற மறந்தால் போச்சு, அடுத்து வருகிற ஜோடியும் சேர்ந்து குழம்பும்.

பழைய ஆட்டங்களில் ஒரு ஜோடிதான் அதிகம் ஆடும், மற்றது பெரும்பாலும் நிற்கும். பார்த்தே கற்றுக்கொள்ளலாம். 20-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எல்லோரும் சமமாக ஆடும் ஆட்டங்கள் பெருகின. நால்வர் குழுவைத் தாண்டிப்போய் ஆடும் அடவுகளும் வந்தன. அதனால் காத்திருக்கும் ஜோடிக்கும் பாதியில் அழைப்பு வரும். ஓய்வு என்று நினைத்து அரட்டை அடித்தால் ஆட்டம் கெடும்.

எனவே இசை தொடங்குமுன் அறிவிப்பாளர் எல்லோரையும் நடக்கவிட்டுச் சொல்லித்தருவார். கைக்கு ஆள் கிடைக்காவிட்டால் இருப்பதாக நினைத்து ஆடச் சொல்வது ஒரு வழி. புதியவர்களை நடுவில் நிற்கச் சொல்வது இன்னொன்று. ஆனால் அவர்கள் கூச்சத்தில் ஒதுங்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி முனையில்தான்.