2021 பசளைத் தடை: ஆராய்ச்சியைக் கேளாத கொள்கையின் கணக்கு

2021 மே 6ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி ஒன்று, இலங்கைக்குள் இரசாயனப் பசளைகளும் கிருமிநாசினிகளும் இறக்குமதியாவதைத் தடை செய்தது. 2019 தேர்தல் காலத்து 'சுபீட்சத்தின் நோக்கு' இம்மாற்றத்துக்குப் பத்து ஆண்டுகள் என்றிருந்தது. அதை ஒரே நாளாகச் சுருக்க வைத்தது அந்நியச் செலாவணித் தட்டுப்பாடே என்பது என் கணிப்பு.

ஆராய்ச்சி இல்லாத நாடல்ல இலங்கை. விவசாயத் திணைக்களம் 1912இல் உருவானது. பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் எச்-4 இனம் 1958இல் வெளிவந்தது. பின்னர் வந்த பிஜி, ஏரி இனங்களைத்தான் கிளிநொச்சியிலும் மன்னாரிலும் விதைக்கிறார்கள். இவை பசளைக்கு நன்றாக விளைச்சல் தரும்படி உருவாக்கப்பட்டவை. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். கூட்டெருவில் ஒன்றிரண்டு சதவீதந்தான். 50 கிலோ மூட்டை ஒன்றிலுள்ள 23 கிலோ நைதரசனை ஒன்றரைச் சதவீதக் கூட்டெருவில் எடுப்பதென்றால் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் வேண்டும். அவ்வளவையும் யார் உற்பத்தி செய்வது, லொறிக்கூலி யார் கொடுப்பது? வணிகம் படித்த எவரும் முதற்பக்கத்திலேயே கேட்கும் கேள்வி இது.

பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே போன்றோர் எச்சரித்தார்கள். அவர் அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டில் 'வெரிட்டே ரிசேர்ச்' நடத்திய ஆய்வில் கமக்காரரில் 64 சதவீதம் பேர் சேதன முறையை ஆதரித்தார்கள். ஆனால் அவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் ஓராண்டுக்கு மேல் அவகாசம் கேட்டார்கள். ஆக, கமக்காரர் பிடிவாதக்காரர் என்ற பேச்சு பொய்.

எங்கள் பக்கத்தாருக்கு யூரியா இல்லாத வயல் புதிதுமல்ல. 1990களின் பொருளாதாரத் தடையில் யூரியாவும் தடைப்பட்ட பொருள். அப்போது பூவரசங்குழை தாழ்த்து, மாட்டெரு போட்டுத் தோட்டம் செய்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எத்தனை வண்டிக் குழைக்கு என்ன விளைச்சல் என்று அவர்களிடம் கேட்டாலே சொல்வார்கள்.

தடை நவம்பர் பிற்பகுதியில் நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அப்போக நெல் விளைச்சல் முந்தியதைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேல் குறைந்தது. நெற்செய்கையாளருக்கு 40,000 மில்லியன் ரூபா இழப்பீடு அறிவிக்கப்பட்டது. கிருமி இருப்பதாகத் திருப்பப்பட்ட சீனச் சேதனப் பசளைக் கப்பலுக்கும் 6.7 மில்லியன் டொலர் கட்டவேண்டி வந்தது. மிச்சம் பிடிக்கப் போய் வந்த செலவு இது.

ஆபிரிக்கத் தலைவர்கள் 2006இல் அபுயாவில் எடுத்த தீர்மானம் நேர் எதிரானது: ஹெக்டேயருக்கு 8 கிலோவாக இருந்த பசளைப் பாவனையை 2015க்குள் 50 கிலோவாக்குவது. பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. இலக்கத்தை மேலிருந்து எழுதிவிட்டால் மட்டும் வயலுக்குப் பசளை வந்துவிடாது.

புருசெத்தில் நாங்கள் வாங்கும் உருளைக்கிழங்குக்குப் பின்னால் வேறொரு வழக்கம் இருக்கிறது. நோர்வேயில் 1911 முதல் பண்ணைகளின் உண்மையான வரவு செலவுகள் ஆண்டுதோறும் திரட்டப்படுகின்றன. 1950இன் அடிப்படை ஒப்பந்தப்படி இரு விவசாயிகள் சங்கங்களும் அரசும் ஒவ்வோர் ஆண்டும் பேச்சுவார்த்தைக்கு அமரும்போது, விவசாயத்தின் வரவு செலவைக் கணக்கிடும் குழுவின் எண்களே மேசையில் இருக்கும். சண்டை பிடிப்பார்கள், சில ஆண்டுகளில் பேச்சு முறியும். ஆனாலும் சண்டை ஒரே கணக்கின் மேல்தான் நடக்கும்.

ஊரில் வயல் செய்யும் உறவுகளுக்குக் காசு அனுப்புகிறவர்கள், உழவுக்கூலி, விதைநெல், பசளை, அறுவடை என்று ஏக்கருக்கான செலவை ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இழப்பீட்டுக்கோ மானியத்துக்கோ கமநல சேவை நிலையத்துக்குப் போகும்போது அந்தக் கொப்பி கையில் இருக்கட்டும்.