கையொப்பமில்லாச் சுவரொட்டிகள்

படத்தின் மூலையிலே ஓவியன் தன் பெயரைப் பொறிப்பது உலக வழக்கு. அந்த வழக்கை உதறி எறிந்த ஓர் இளைஞர் கூட்டத்தை வரலாற்றில் காண்கிறோம்.

1968 மே திங்கள். பாரிசு நகரில் மாணவர் மூட்டிய கிளர்ச்சித் தீ ஆலைகளுக்கும் பரவிற்று. பிரான்சு நாடெங்கும் ஏறத்தாழ ஒரு கோடித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். தொலைக்காட்சியோ அரசின் கையில்! மக்கள் தம் குரலை எங்கே ஒலிப்பது? சுவரிலே ஒலித்தனர்.

நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர், மே 14ஆம் நாள் முதற் சுவரொட்டியைக் கல்லச்சில் எடுத்தனர். ஆலையும் பல்கலைக்கழகமும் ஒன்றுபடுக என்பதே அதன் முழக்கம். தாங்கள் பணியாற்றிய கூடத்திற்கு ‘மக்கள் பட்டறை’ என்று பெயரிட்டனர். கல்லச்சில் முப்பது படிகள் எடுப்பதே பெரும்பாடு. ஆகவே, சட்டத்தில் இறுகக் கட்டிய துணியின் வழியே மசியைத் தேய்த்து இறக்கும் திரையச்சைக் கையாண்டனர். சுவரொட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகின.

ஆலையின் புகைபோக்கி ஓங்கிய கைமுட்டியாக எழுந்தது ஒன்றில். இளைஞனின் வாயைப் பொத்தியது குடியரசுத் தலைவர் டி கோலின் நிழலுருவம் மற்றொன்றில். ஒலிவாங்கி முன் நின்று செய்தி சொன்னான் தலைக்கவசம் தரித்த காவலன் இன்னொன்றில்!

இவற்றில் எதிலும் ஓவியன் பெயரில்லை. ஒவ்வொரு படமும் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கப்பட்டது. மாணவரும் தொழிலாளரும் கூடி இரண்டே கேள்விகள் கேட்டனர்: கருத்துச் சரியா? படம் அதைத் தெளிவாகச் சொல்கிறதா? தேறியதே அச்சேறியது. திறமை மிக்கவன் தீட்டினான் என்பதற்காக எந்தப் படத்திற்கும் சலுகையில்லை.

ஜூன் 27இல் போலீசார் புகுந்து பட்டறையைக் காலி செய்தனர். அதே திங்கள் நடந்த தேர்தலில் டி கோலின் அணியே பெருவெற்றி கண்டது. சுவரொட்டி மட்டும் ஆட்சியைக் கவிழ்த்துவிடாது. இந்த உண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால், பிறகு நிகழ்ந்ததே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இவை போராட்டக் கருவிகள், மாளிகைகளுக்கு அலங்காரமல்ல என்று பட்டறையினர் அன்றே அறிவித்தனர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே பாரிசில் அச்சுவரொட்டிகள் ஏலம் விடப்பட்டன! எந்தச் செல்வத்தை எதிர்த்து எழுந்தனவோ, அந்தச் செல்வத்தின் சுவரிலேயே சென்று தொங்கின.

பகுத்தறிவாளர் நாம். கல்லை வணங்காதே என்கிறோம், காகிதத்தை வணங்கலாமா? படத்தைப் பூசைப் பொருளாக்குவதும் விலைப் பொருளாக்குவதும் ஒன்றே. இரண்டும் கருத்தைக் கொன்று உருவத்தை மட்டும் காப்பவை. ஆகவே, எந்தப் படத்தைத் தூக்கிப் பிடிக்குமுன்னும் அந்தப் பட்டறை கேட்ட முதற்கேள்வியை நாமும் கேட்போம்: கருத்துச் சரியா?