காலியான அரங்கில் விழுந்த கூரை

1978 ஜனவரி 17 இரவு, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர அரங்கில் ஏறக்குறைய 5,000 பேர் கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். சில மணித்தியாலங்களில், அதிகாலை 4.15க்கு, 1,400 தொன் எடையுள்ள கூரை முழுவதுமாக வெற்று ஆசனங்களின் மேல் விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அன்று கடும் பனி. பழியும் பனி மீதே விழுந்தது.

பஞ்சு மாதிரித் தெரிகிற பனிக்கு என்ன பாரம் என்று நமக்குத் தோன்றும். புதுப்பனி ஒரு கன மீற்றர் 100 கிலோ அளவில் இருக்கும். நாட்பட்டு இறுகினால் 300 கிலோ வரை போகும். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அந்தக் கூரையோ தட்டையானது, சுமார் 10,000 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு வெறும் 50 கிலோ என்று வைத்தாலும் 500 தொன்! சரிவான வீட்டுக் கூரையென்றால் பனி வழுக்கிப் போய்விடும். இங்கே போக்கிடமில்லை.

ஆனால் விசாரணையில் தெரிந்தது வேறு. கூரை தாங்கியிருக்க வேண்டிய பாரத்தில் பாதியளவுதான் அன்று அதன்மேல் இருந்தது.

நான்கு தூண்களில் நின்ற அந்த இரும்புச் சட்டக வலை அக்காலத்தில் புதுமை. கணினியில் கணக்கிட்டதால் அரை மில்லியன் டொலர் மிச்சம் என்றார்கள். கணினி பிழை விடவில்லை, கொடுத்ததைக் கணக்கிட்டது. மேலடுக்குச் சட்டங்கள் நடுவிலும் பிடித்து நிறுத்தப்பட்டிருக்கின்றன என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் ஓரச் சட்டங்களுக்கு அந்தப் பிடி இல்லை. அடிமட்டமொன்றை இரு முனையிலும் அழுத்திப் பாருங்கள், வளைந்துவிடும். நடுவில் பக்கவாட்டாக அசையாமல் பிடித்துக்கொண்டால் நான்கு மடங்கு தாங்கும். வித்தியாசம் அவ்வளவு. போதாததற்குக் கூரையின் சொந்த எடையையே 20 வீதத்துக்கு மேல் குறைத்துப் போட்டிருந்தார்கள்.

இதில் என்னை உலுக்குவது கணக்கல்ல. கட்டும்போதே கூரை, கணித்ததைவிட இரு மடங்கு தொய்ந்திருந்தது. அளந்தார்கள், அறிவித்தார்கள். இப்படி வித்தியாசம் வருவது சகஜம் என்று பதில் வந்தது. ஓரப் பலகை பொருத்த வந்த ஒப்பந்தக்காரருக்குத் துண்டுகள் பொருந்தவில்லை. சமாளி, தாமதமானால் பொறுப்பு உன்னுடையது என்றார்கள். அவரும் வெட்டி ஒட்டிப் பொருத்திவிட்டுப் போனார். அரங்கம் 1975இல் திறக்கப்பட்டது. விழுந்த பிறகு வழக்கு ஆறு வருடம் இழுபட்டு, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது.

போலந்தின் கட்டோவிட்ஸ் கண்காட்சி மண்டபமும் 2002இல் பனிப்பாரத்தில் தொய்ந்தது. திருத்திவிட்டுத் தொடர்ந்து பாவித்தார்கள். 2006 ஜனவரி 28, உள்ளே புறாக் கண்காட்சி. கூரையில் பனி அகற்றப்படாமல் கிடந்தது. அங்கே மண்டபம் காலியாக இருக்கவில்லை. இறந்தவர்கள் 65 பேர்.