சொற்களைத் தேடிய பதிப்பகம்

அகராதி புலவர்க்கே உரியது என்று கருதி அதனை அலமாரியின் மேற்றட்டில் வைத்துவிடுவது நம்மிற் பலருக்கு வழக்கம். ஆயின், பிறந்த மண்ணை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு அகராதி அன்றாடத் தேவையாகும். தமிழகத்தில் வளரும் பிள்ளை தெருவிலும் கடையிலும் பேருந்திலும் தமிழைக் கேட்டு வளர்கிறது. நம் பிள்ளைக்கோ தாயும் தந்தையும் பேசுவதே தமிழ். அந்தத் தாய் தந்தையரின் தமிழும் அவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்ட ஆண்டிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதன்பின் மொழியில் பிறந்த சொற்களை நமக்கு எடுத்துச் சொல்வார் யார்? இவ்வினாவுக்கு விடை தந்த ஒரு பதிப்பகத்தின் வரலாற்றை இக்கட்டுரையில் நினைவுகூர விழைகிறோம்.

தமிழில் சொற்பொருள் கூறும் மரபு பழமையானது. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துச் செய்யுளில் அமைத்தன. மாணாக்கர் அவற்றை மனப்பாடம் செய்தனர். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி, சொற்களை அகரவரிசைப்படுத்திப் புதுவழி வகுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. வையாபுரிப் பிள்ளை போன்ற பேரறிஞர்களின் உழைப்பில் உருவான அதில் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. பண்டை இலக்கியம் பயில்வோர்க்கு இன்றும் அதுவே துணை.

எனினும் 1936க்குப் பின்னர் மொழி நின்றுவிடவில்லை. நாடு விடுதலை பெற்றது. ஆட்சியும் கல்வியும் தமிழுக்கு வந்தன. செய்தித்தாளும் வானொலியும் திரைப்படமும் புதிய உரைநடையை வளர்த்தன. அந்தத் தமிழுக்கெனத் தனி அகராதி இல்லாதிருந்தது. இக்குறையை நீக்க முன்வந்தது அரசோ பல்கலைக்கழகமோ அன்று. 1974இல் சென்னையில் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய ‘க்ரியா’ என்னும் சிறு பதிப்பகம் என்பது வியப்புக்குரியது.

1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய பணி, 1992இல் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யாக நிறைவெய்தியது. மொழியியல் அறிஞர் இ. அண்ணாமலையும் பா. ரா. சுப்பிரமணியனும் அதில் பெரும்பங்கு ஆற்றினர். அண்ணாமலை, மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் இயக்குநராகப் பணியாற்றியவர். தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த தமிழர் ஒருவரின் அறிவு இவ்வகராதிக்கு உரமாயிற்று என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

இவ்வகராதியின் தனிச்சிறப்பு அதன் அணுகுமுறையில் உள்ளது. முந்தைய அகராதியிலிருந்து சொல்லை எடுத்து எழுதாமல், மக்கள் இன்று எழுதும் நூல்களிலும் இதழ்களிலும் அச்சொல் எவ்வாறு வழங்குகிறது என்று பார்த்துப் பொருள் வரையறுத்தனர். பொருளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தந்து, எடுத்துக்காட்டு வாக்கியங்களும் சேர்த்தனர். இதன் தேவையை ஒரு சிறு சொல்லால் உணரலாம். ‘எடு’ என்பதற்குக் கையால் தூக்குதல் என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லித் தந்தால், பசி எடுப்பதையும் படம் எடுப்பதையும் வீட்டை வாடகைக்கு எடுப்பதையும் தேர்வில் மதிப்பெண் எடுப்பதையும் அது எங்ஙனம் அறியும்? சொல்லின் உயிர் வழக்கில் இருக்கிறது. அவ்வழக்கைக் காட்டுவதே வாக்கியம். 2008இல் வந்த விரிவாக்கிய பதிப்பு ஈழத் தமிழ் வழக்குகளையும் ஏற்றுக்கொண்டது. தமிழகத்தார் ‘பேசுவர்’, ஈழத்தார் ‘கதைப்பர்’. இரண்டும் தமிழே என்று ஓர் அகராதி ஏற்கும்போது மொழியின் எல்லை விரிகிறது.

அகராதி ஒன்றே க்ரியாவின் சாதனை அன்று. சுந்தர ராமசாமியின் ‘ஜே. ஜே: சில குறிப்புகள்’ 1981இல் இங்கிருந்தே வெளிவந்தது. பிரெஞ்சு மொழியிலிருந்து நேரடியாக வெ. ஸ்ரீராம் பெயர்த்த காம்யுவின் ‘அந்நியன்’, ஜெர்மன் மொழியிலிருந்து ஏ. வி. தனுஷ்கோடி பெயர்த்த காஃப்காவின் ‘விசாரணை’ ஆகியவை, ஆங்கிலத்தின் இடையீடின்றி உலக இலக்கியம் தமிழுக்கு வரலாம் என்று காட்டின. தமிழ் பிராமி எழுத்துகளைப் பற்றி ஐராவதம் மகாதேவன் நெடுங்காலம் ஆய்ந்து எழுதிய ஆங்கிலப் பெருநூலை 2003இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துடன் இணைந்து வெளியிட்டதும் க்ரியாவே. குகைப் பாறையில் கீறிய தொல்லெழுத்தும் நேற்றுப் பிறந்த சொல்லும் ஒரே பதிப்பகத்தின் கவனத்தைப் பெற்றன.

2020ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் துயரம் தந்த திங்களாகும். அகராதியின் மூன்றாம் பதிப்பு ஆயத்தமான வேளையில் ராமகிருஷ்ணன் கொரோனா நோயுற்று மருத்துவமனையில் கிடந்தார். படுக்கையில் இருந்தவாறே அப்பதிப்பு வெளிவரக் கண்டார். சில நாட்களில், நவம்பர் 17ஆம் நாள் மறைந்தார். க்ரியா 1994இல் ‘கோவேறு கழுதைகள்’ நாவலால் அறிமுகப்படுத்திய இமையம், அங்கேயே வெளியான ‘செல்லாத பணம்’ நாவலுக்காக 2020ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவ்விருது அறிவிக்கப்பட்டது 2021 மார்ச்சில். அதனைக் காண ராமகிருஷ்ணன் இல்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? முதற் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சொற்களுக்குத் தந்தும் அப்பணி முடிந்தபாடில்லை. மொழி வளருமளவும் முடியவும் முடியாது. அடுத்த பதிப்புக்கு ஆளும் பொருளும் எங்கிருந்து வரும் என்பது பதிப்பகத்தார் மட்டும் கவலைப்பட வேண்டிய செய்தி அன்று. அகராதியை வாங்குவோர் இருந்தால்தான் அகராதி செய்வோர் இருப்பர்.

திருமணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் வெள்ளிப் பாத்திரம் வாங்கிச் செல்லும் நாம், ஒருமுறையேனும் அகராதியைப் பரிசாக எடுத்துச் செல்லலாம். நம் இல்லத்தில் பிள்ளை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கும்போது, “தெரியாது” என்று முடித்துவிடாமல், “வா, சேர்ந்து பார்ப்போம்” என்று அகராதியைப் பிரிப்போமாயின், ஊரை விட்ட ஆண்டில் நின்றுபோன நம் தமிழும் மீண்டும் நடக்கத் தொடங்கும்.