பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்

துறையூரிலிருந்து சோபனபுரம் தாண்டி டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும்போது எல்லாரும் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். இறங்கும்போது பிரேக்கைப் பற்றி. பச்சைமலையிலிருந்து மரவள்ளியும் பலாவும் ஏற்றிவரும் சரக்கு வண்டிக்காரர் இரண்டாவது கியரை விட்டு மாறாமல் நிதானமாக இறங்கிவிடுவார். திருச்சியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மலை பார்க்க வந்த கார்க்காரர்தான் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வந்து, அடிவாரத்தில் கருகிய வாடையோடு வண்டியை ஓரங்கட்டுவார். "பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுதுங்க" என்பார். அடுத்த வாரத்துக்குள் அவருக்கு யாராவது ஸ்டீல் ஹோஸ் பற்றிச் சொல்லியிருப்பார்கள்.

பட்டறையில் ஸ்டீல் ஹோஸ் என்று சொல்வது முழுக்க ஸ்டீல் அல்ல. உள்ளே வெள்ளை டெஃப்லான் குழாய். அதன்மேல் முடி போன்ற துருப்பிடிக்காத கம்பிகளைப் பின்னி இறுக்கிய உறை. காரோடு வந்த ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் பெடல் மிதித்த இடத்திலேயே நிற்கும் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஏனென்றால் இந்தக் குழாய் பெடலுக்காகப் பிறந்ததே இல்லை.

பிறந்த கதைக்கு முன்னால் அதன் அப்பன் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆரம்பகாலக் கார்களில் பெடலையும் சக்கரத்தையும் கம்பியும் கேபிளும்தான் இணைத்தன. பிரேக் உள்ள ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கம்பி. ஒன்று தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மால்கம் லாக்ஹெட் என்ற அமெரிக்கர் கம்பிக்குப் பதில் திரவத்தைக் கொண்டுவந்தார். மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லா முனைக்கும் சமமாகப் போகும் என்று பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே சொல்லிவைத்ததுதான். மால்கமும் அவர் தம்பி ஆலனும் 1913-இல் சொந்தமாகக் கடல் விமானம் கட்டி சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாமேல் பறந்தவர்கள். ஆலன் விமானத்திலேயே தங்கிவிட, அண்ணன் டெட்ராய்ட்டுக்குப் போய் பிரேக்கில் இறங்கினார். நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு 1921-இல் டூசன்பர்க் மாடல் ஏ விற்பனைக்கு வந்தது. 1924-இல் கிரைஸ்லர் தன் முதல் காரிலேயே மால்கமின் பிரேக்கைப் போட்டது. தோலால் செய்த சீல்கள் ஒழுகியதால் கிரைஸ்லரின் பொறியாளர்கள் அவற்றை ரப்பர் கப்பாக மாற்றினார்கள். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தால் இன்றும் கையில் கிடைக்கிற அதே கப்.

அங்கேதான் நம்மூர்ச் சரக்கு ஒன்று உள்ளே நுழைகிறது. கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போகும். விளக்கெண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. அதனால் ஆரம்பகால பிரேக் ஆயில் என்பது ஆல்கஹால் கலந்து இளக்கிய விளக்கெண்ணெய்தான். மானாவாரிக் காட்டில் நிற்கும் ஆமணக்குக்கு டெட்ராய்ட்டில் இப்படி ஒரு வேலை கிடைத்தது. ஆனால் ஆல்கஹால் சீக்கிரம் கொதிக்கும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறினால் குழாய்க்குள் ஆவி சேர்ந்து பெடல் தரைவரை போகும். பிறகு வந்த கிளைக்கால் வகை ஆயில்கள் அந்தக் குறையைத் தீர்த்தன. இப்போது கடையில் வாங்கும் டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 குறைந்தது 230 வரையும் கொதிக்காமல் தாங்கவேண்டும். ஈரம் குடித்துப் பழசானால் தரம் கேட்பது 140-உம் 155-உம்தான்.

வண்டியின் அடியில் ஆயில் ஓடும் வழி பெரும்பாலும் இரும்புக் குழாய். அது விரியாது. ஆனால் முன்சக்கரம் திரும்பும், எல்லாச் சக்கரமும் குதிக்கும். ஆகவே கடைசி ஒரு முழத்துக்கு வளையும் குழாய் வேண்டும். அந்த ஒரு முழம்தான் ரப்பர் ஹோஸ்: உள்ளே ரப்பர், நடுவில் நூல் பின்னல், வெளியே மறுபடி ரப்பர். கிணற்று மோட்டாரில் மாட்டிய பச்சை ஹோஸ், வாய்க்கால் முனையை மண் அடைத்ததும் புடைக்கிறதல்லவா, மிதிக்கும்போது இதுவும் இம்மியளவு அப்படிப் புடைக்கும். புடைக்கும் அளவுக்கு ஆயில் சக்கரத்துக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிடும். அந்த ஆயிலை ஈடுகட்டப் பெடல் கூடுதலாகக் கீழே போகவேண்டும்.

எவ்வளவு கூடுதலாக? அமெரிக்க வாகனப் பாதுகாப்புத் தரம் 106 இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. எட்டில் ஒரு அங்குலம் உள்விட்டம் கொண்ட சாதாரண ஹோஸ், 1,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அழுத்தத்தில், ஒரு அடி நீளத்துக்கு 0.66 கன செ.மீ.க்கு மேல் புடைக்கக்கூடாது. குறைவாகப் புடைக்கும் வகைக்கு வரம்பு 0.33. நாலு ஹோஸும் சேர்ந்து நாலு அடி என்று வையுங்கள். சிறிய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் துளையின் விட்டம் ஏறத்தாழ 22 மி.மீ. இருக்கும், பெடல் நெம்பும் விகிதம் நாலுக்கு ஒன்று என்றால், ஒரு கன செ.மீ. ஆயிலுக்குப் பெடல் ஏறத்தாழ 10 மி.மீ. இறங்கும். வரம்பின் விளிம்பில் நிற்கும் நாலு ஹோஸ்கள் 26 மி.மீ. தின்னும், குறைவாகப் புடைப்பவை 13 மி.மீ. ஆனால் கார் கம்பெனி மாட்டும் புது ரப்பர் ஹோஸ் பெரும்பாலும் அந்த விளிம்புக்கு வெகு கீழேதான் நிற்கும். அப்படியானால் டெஃப்லான் ஹோஸ் மிச்சப்படுத்தித் தருவது சில மில்லிமீட்டர்கள். கால் உணரும், மறுக்கமாட்டேன். வண்டி நிற்கும் தூரத்தைக் குறைக்குமா என்று கேட்டால், குறைக்காது. அதைத் தீர்மானிப்பவை டயரும் சாலையும்.

சரி, அந்த வெள்ளைக் குழாய். 1938 ஏப்ரல் 6 அன்று நியூ ஜெர்சியில் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் குளிர்சாதனப் பெட்டிக்கான புதுவகை வாயுவைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. தூக்கிப் பார்த்தால் எடை குறையவும் இல்லை. ரம்பம் போட்டு அறுத்தார்கள். உள்ளே வழுவழுப்பான வெள்ளைத் தூள். அமிலம் அரிக்காது, கரைப்பான் கரைக்காது, எதுவும் ஒட்டாது. அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியத்தின் அரிக்கும் வாயுவைத் தாங்கும் சீல்களுக்கு அது முதலில் போனது. தோசைக்கல்லுக்கு வந்தது வெகுகாலம் கழித்து.

1950-களில் ஜெட் விமானங்களுக்கு ஒரு தலைவலி. எஞ்சின் சூட்டிலும் புதுவகைச் செயற்கை ஆயில்களிலும் ரப்பர் ஹோஸ்கள் இறுகி வெடித்தன. டெஃப்லான் இந்த இரண்டுக்கும் அசையாது. ஆனால் அது தனியாக அழுத்தம் தாங்காது. சுமை ஏற்றினால் மெல்ல மெல்ல உருமாறும். அதனால் வெளியே கம்பி பின்னினார்கள். விரிய விடாமல் பிடித்துக்கொள்வது கம்பி, ஆயிலோடு உறவாடுவது டெஃப்லான். இப்படித்தான் அது பிறந்தது: சூட்டுக்கும் ரசாயனத்துக்கும் விடையாக, வானத்தில். புடைக்காமல் இருப்பது அதோடு வந்த உபரி.

அந்த உபரியைக் கண்டுகொண்டவர்கள் பந்தயக்காரர்கள். விமானத்துக்கென்று செய்த குழாய்களையும் முனைகளையும் காருக்கு மாட்டத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் குட்ரிட்ஜ் 1969-இல் இதையே தொழிலாக்கினார். பந்தயக்காரருக்குப் பெடல் நிற்கும் இடம் ஒவ்வொரு வளைவிலும் ஒன்றாக இருக்கவேண்டும். மில்லிமீட்டர் அவருக்குக் காசு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டைக்கு 1990-இல் இடம்பெயரும் வரை பந்தயம் நடத்திய சோழவரம்கூட, போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதைதான். ஓடுதளம், குழாய், முனை என்று எல்லாவற்றையும் விமானத்திடமே வாங்கிக்கொண்டது பந்தயம்.

நம் பக்கத்தில் பிரேக் என்றால் சென்னையின் பாடி. டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-இல் அங்கே பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. டிவிஎஸ் கேர்லிங் என்ற பெயர் பச்சைமலை அடிவாரத்து உதிரிபாகக் கடைவரை வந்து சேர்ந்தது. ஒரு டோல்கேட்டுக்கே டிவிஎஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட திருச்சிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தக் காலத்து அம்பாசடரிலும் பத்மினியிலும் நாலு சக்கரத்திலும் டிரம்தான். டிரம்முக்கும் உள்ளே உரசும் ஷூவுக்கும் இடைவெளி கூடினால் பெடல் இறங்கும். பம்ப் பண்ணி ஓட்டுவது ஒரு தனிக் கலையாகவே இருந்தது. இன்று ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக் கம்பி பின்னிய ஹோஸோடே வெளியே வருகிறது. கார்களில் பெரும்பாலும் ரப்பர்தான் தொடர்கிறது. கம்பெனிக்காரன் கஞ்சத்தனம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

ரப்பர் ஹோஸ் முறுக்கலையும் குலுக்கலையும் பொறுத்துக்கொள்ளும். டெஃப்லான் அப்படியில்லை, அளவுக்கு மீறி மடித்தால் மடிப்பு விழுந்து அங்கேயே பலவீனமாகும். கம்பிப் பின்னலுக்குள் மணல் புகுந்தால் உள்குழாயை அறுக்கும். அதனால்தான் நல்ல ஹோஸின் மேல் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் உறை. முனையில் கம்பியும் இரும்பும் சேரும் இடம்தான் மிகவும் நோகும் இடம். அமெரிக்கத் தரத்தில் ஹோஸைப் பிடித்து 35 மணி நேரம் விடாமல் சுழற்றி அடிக்கும் சோதனை ஒன்று உண்டு. பந்தயத்துக்கென்று செய்த ஆரம்பகால ஹோஸ்கள் பல அதில்தான் தோற்றன. முனைக்குத் தனியாக ஒரு தாங்கு வைத்த பிறகே அவை சாலைக்குத் தேறின.

இனி பட்டறைக்கு வருவோம். ஹோஸ் மாற்றினால் ஆயிலை வடித்தே ஆகவேண்டும். புது ஆயில் ஊற்றி ஏர் எடுக்கவேண்டும். உள்ளே ஒருவர், சக்கரத்துக்குக் கீழே ஒருவர்.

"தம்பி, பம்ப் பண்ணு... இன்னும்... ம், பிடி!"

"பிடிச்சிருக்கேண்ணே!"

நிப்பிள் திறக்கும், பாட்டிலில் விட்ட ட்யூப் வழியே குமிழ் குமிழாக வரும். நிப்பிளை மூடும் வரை பெடலில் வைத்த காலை எடுக்கக்கூடாது. இந்தக் குமிழைத்தான் கணக்கில் வைக்கவேண்டும். 70 கிலோ அழுத்தத்தில் காற்று எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே குழாய்க்குள் ஒரு கன செ.மீ. காற்று நின்றால் அந்த ஒரு கன செ.மீ.யும் கிட்டத்தட்ட முழுசாக நட்டம். பெடலில் 10 மி.மீ. நாலு புது ஹோஸ்கள் மிச்சம்பிடிப்பதை ஒரே குமிழ் தின்றுவிடும்.

"ஸ்டீல் ஹோஸ் போட்டேன், பெடல் கல்லாட்டம் நிக்குது" என்று சந்தோஷப்படுகிற பலருக்கு உண்மையில் கிடைத்தது மூணு வருஷமாக மாற்றாத ஆயிலின் மாற்றமும், ஒழுங்காக எடுத்த ஏரும்தான் என்பது என் எண்ணம். பாராட்டு மட்டும் பளபளப்பான கம்பிக்குப் போகிறது. பழைய ரப்பரிலேயே ஆயிலை மாற்றி, ஏர் எடுத்து, பின் டிரம்மின் இடைவெளியைச் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஹோஸ் மாற்றியவர்தான் ஹோஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுந்தவர். அவரும் வித்தியாசத்தைச் சொல்வார், கொஞ்சம் அடக்கமாக.

பச்சைமலைக் கார்க்காரருக்கு நடந்தது வேறு. ஆயிரம் கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினால் 49 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாகவேண்டும். 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் அத்தனையும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்கும். ஈரம் குடித்த பழைய ஆயில் கொதித்தால் எந்த ஹோஸும் பெடலைத் தாங்கிப்பிடிக்காது.

அதற்கும் மேல் ஸ்டீல் ஹோஸ் வேண்டும் என்பவர் தரமுத்திரையும், இயந்திரத்தில் நசுக்கிப் பிடித்த முனையும் உள்ளதாக வாங்கட்டும். மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்கவேண்டும். வண்டியை ஜாக்கில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டும் பார்க்கவேண்டும். எங்கேயும் இழுபடக்கூடாது, டயரில் உரசக்கூடாது. நீளம் ஒரு விரற்கடை குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.